வீசிங்குக்கு வைட்டமின் டி போதுமா?

கோஸ்டா ரிகாவில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும் அங்கே ஆஸ்துமா உள்ள 616 பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 28 பேருக்கு வைட்டமின் டி போதுமான அளவில் இல்லை. அளவு குறைந்தவர்களுக்கு ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ கூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேரவேண்டி வந்ததும் அவர்களுக்கே அதிகம். 2009இல் வெளியான அந்த ஆய்வு பலருடைய கவனத்தை இழுத்தது.

காரணம், உடலியலும் ஒத்துப்போனது. வெயிலின் புற ஊதா பி கதிர் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின், முதலில் கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாறிய பின்தான் வேலைக்கு உதவும். அந்தக் கடைசி மாற்றத்தை மூச்சுக்குழாயின் உள்தோல் செல்களும் செய்கின்றன! அங்கே அது கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கத் தூண்டுகிறது. வீசிங் திடீரென முற்றுவதற்குப் பெரும்பாலும் சளி வைரஸ்தான் காரணம் என்பதால், மருத்துவர்களுக்கு இந்த வைட்டமின்மேல் நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. ஸ்டீராய்டுக்கு மசியாத ஆஸ்துமா நோயாளிகளின் செல்களை வைட்டமின் டி மறுபடி மசிய வைத்ததையும் லண்டன் ஆய்வகம் ஒன்று 2006இல் காட்டியிருந்தது.

2016இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்தது. மாத்திரை எடுத்தவர்களில் அவசர சிகிச்சைக்குப் போனவர்கள் நூற்றுக்கு 6இலிருந்து 3ஆகக் குறைந்திருந்தார்கள். பாதிக்குப் பாதி! செய்தி உலகெங்கும் பரவியது.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் வைட்டமின் குறைவாக இருந்த 192 பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்தார்கள்; மீதிப்பேருக்கு வெறும் மாத்திரை. கடுமையான வீசிங் இரு பக்கமும் ஒரே மாதிரி வந்ததால், பயனில்லை என்று சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள். 2020இல் முடிவு வெளியானது. 2023இல் காக்ரேன் 20 சோதனைகளைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டது. பழைய பலன் காணாமல் போயிருந்தது. தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் இந்த நேர்மையை நான் மனதார மதிக்கிறேன்.

அப்படியானால் கோஸ்டா ரிகாவில் கண்டது என்ன? வைட்டமின் குறைவும் ஆஸ்துமா முற்றுவதும் சேர்ந்திருப்பது உண்மை. ஆனால் எது எதனால் வந்தது? மூச்சு வாங்கும் பிள்ளை வெயிலில் ஓடி விளையாடாது, வீட்டுக்குள்ளேயே இருக்கும். சன்னல் கண்ணாடி வழியே வெளிச்சம் வந்தாலும், புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். உடல் பருமனும் வைட்டமினைக் குறைக்கும், ஆஸ்துமாவையும் கூட்டும்.

மாத்திரையே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. குறைபாடு இருந்தால் எலும்புக்காக அதைச் சரிசெய்தே ஆகவேண்டும். ஆனால் அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் கெடும். வாரம் ஒன்று என எழுதிக்கொடுக்கும் 60,000 யூனிட் மருந்தைத் தினமும் விழுங்குவது ஆபத்து. அதைவிட என்னைக் கலங்கவைப்பது, மாத்திரை இருக்கிறதே என்று இன்ஹேலரை ஓரம்கட்டுவது. மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிப்பது அதிலுள்ள ஸ்டீராய்டு. அந்த வேலையை வைட்டமின் டி செய்யாது.

வைட்டமின் டி மிக மிகக் குறைந்தவர்களும், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களும் இந்தச் சோதனைகளில் வெகு சிலரே. அவர்களைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.