பழைய கணினி, புதிய லினக்ஸ்: எந்தப் படியில் நின்றது?

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. 2020 மார்ச்சில் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பிள்ளைகள் இல்லிருப்புக் கற்றலுக்கு மாறியபோது, கிடைத்த மடிக்கணினியை வைத்துச் சமாளித்த குடும்பங்கள் உலு யாம், பத்தாங் காலி, கோல குபு பாரு வட்டாரத்திலும் உண்டு. பத்து, பன்னிரண்டு வயதான அப்படிப்பட்ட கணினிக்கு விண்டோஸ் 11 எட்டாது. காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் எட்டும்.

லினக்ஸை முதல்முறை நிறுவும்போது பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. ஓரிரு ஆண்டு கழித்து அதை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும்போதுதான் வம்பு தொடங்குகிறது. திரை கறுத்து நிற்கும். வைஃபை காணாமல்போகும். தமிழ் எழுத்து இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள் தெரியும். “மெஷின் போச்சு” என்று தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அது அவசர முடிவு. கணினி விழித்தெழுவது ஒரே செயலன்று. ஒரு நிரல் வேலையை அடுத்த நிரலிடம் ஒப்படைத்துக்கொண்டே போகும் ஆறேழு படிகள் அதில் இருக்கின்றன. எந்தப் படியில் நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடும்.

446 பைட்டில் ஒரு தொடக்கம்

மின்விசையை அழுத்திய கணத்தில் செயலிக்கு வன்வட்டு இருப்பதுகூடத் தெரியாது. 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள முகவரியில் முதல் கட்டளையைத் தேடு என்பது மட்டும் அதன் சுற்றிலேயே பதிந்திருக்கிறது. அங்கே காத்திருப்பது பயாஸ். அது நினைவகத்தையும் விசைப்பலகையையும் சோதித்துவிட்டு, வன்வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 64 பைட் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணை. கடைசி 2 பைட் அடையாள முத்திரை. மிஞ்சிய 446 பைட்டுக்குள் நிரல் அடங்கியாக வேண்டும். இந்தப் பத்தியின் தமிழ் எழுத்துகளைக்கூட அந்த இடத்தில் சேமிக்க முடியாது. ஆகவே அந்தச் சிறு நிரல் செய்வது ஒன்றே ஒன்று: தன்னுடைய மறுபாதி வட்டில் எங்கே இருக்கிறது என்று கண்டு அதை எழுப்புவது.

அந்த மறுபாதிதான் குரப் எனும் தொடக்க நிரல். அது லினக்ஸின் மைய நிரலான கருவையும், கரு வட்டைத் திறக்கத் தேவையான கருவிகள் அடங்கிய ஒரு சிறு பொதியையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கரு வட்டைத் திறந்து, முதல் எண் கொண்ட செயல்முறையைத் தொடங்குகிறது. இன்று பெரும்பாலும் அது சிஸ்டம்டி. அதன் பிறகு வலையமைப்பு, வரைகலைத் திரை, உள்நுழைவுப் பக்கம் எல்லாம் வரிசையாக வருகின்றன. புதிய கணினிகளில் பயாஸின் இடத்தை யுஇஎஃப்ஐ பிடித்துவிட்டது. பழையவற்றில் இன்னும் இதே வழிதான்.

இந்த வரிசை தெரிந்தால் அறிகுறியைப் படிப்பது எளிது. ‘குரப் ரெஸ்கியூ’ என்ற சொல்லோடு நின்றால், தொடக்க நிரலுக்குத் தன் மீதிக் கோப்புகள் கிடைக்கவில்லை. கரு இன்னும் களத்துக்கே வரவில்லை. ‘கெர்னல் பேனிக்’ என்று வந்து, மூலக் கோப்பமைப்பைத் திறக்க முடியவில்லை என்றால், கரு வந்துவிட்டது; அதன் கருவிப் பொதி சரியாக உருவாகவில்லை. எழுத்துகள் ஓடி முடிந்து திரை கறுத்தால் வரைகலை இயக்கியைச் சந்தேகிக்கலாம். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுப் பக்கமே திரும்பத் திரும்ப வந்தால், வட்டு நிரம்பியிருக்கலாம் அல்லது பயனரின் கோப்புறையில் உரிமைகள் குழம்பியிருக்கலாம். திரை கறுத்த நிலையிலும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பல வேளைகளில் எழுத்துத் திரை திறக்கும். திறந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. படம் காட்டத்தான் முடியவில்லை.

காலம் கடந்த செயலிகள்

சில தடைகளைப் பழுது என்றே சொல்ல முடியாது. 2008 வாக்கில் பரவலாக விற்ற சிறு மடிக்கணினிகளில் இருந்த இன்டெல் ஆட்டம் என்270, 32 பிட் செயலி. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் வழங்கல் முதல் அந்த வகைக்கான மேசைக்கணினிப் பதிப்பு நின்றது. 2025 ஆகஸ்டில் வெளியான மற்றொரு வழங்கலான டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினிக்கான கருவையும் நிறுவியையும் விட்டுவிட்டது. அத்தகைய கணினியை டெபியன் 12இலிருந்து 13க்கு உயர்த்தினால் புதிய கரு வந்து சேராது.

64 பிட் என்பதாலேயே தப்பித்துவிட்டதாகவும் எண்ண முடியாது. 2022இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, தொடக்ககால 64 பிட் செயலிகளை ஏற்பதில்லை; அதன் பத்தாம் பதிப்பு 2013இல் இன்டெலின் ஹாஸ்வெல் கொண்டுவந்த கட்டளைகளை எதிர்பார்க்கிறது. உயர்த்தும் முன் செயலியின் பெயரைப் பார்த்துக்கொண்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும்.

இயக்கிகளின் முரண்

கருவை மாற்றினால் பயனரின் மென்பொருள்கள் உடையக் கூடாது என்பது லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. நேற்று ஓடிய மென்பொருள் புதிய கருவில் ஓடாவிட்டால் குற்றம் கருவினுடையது. பிறகு ஏன் படமும் வைஃபையும் மட்டும் அடிக்கடி போகின்றன?

அந்த விதி கருவுக்கு வெளியே உள்ள மென்பொருள்களுக்குத்தான். கருவின் உட்பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும். கருவோடு சேர்த்தே பராமரிக்கப்படும் இயக்கிகளை, மாற்றுகிறவர்களே திருத்திவிடுவார்கள். நிறுவனம் தனியாகத் தரும் மூடிய இயக்கியை அந்த நிறுவனம்தான் திருத்த வேண்டும். என்விடியாவின் 340 வரிசை இயக்கிக்கான ஆதரவு 2019 இறுதியிலும், 390 வரிசைக்கானது 2022 இறுதியிலும் முடிந்தன. 2010ஐ ஒட்டி வந்த அட்டைகள் இவற்றையே நம்பியிருந்தன. புதிய கரு வந்ததும் பழைய இயக்கி அதோடு பொருந்தாமல் திரை கறுக்கிறது. தீர்வு, மூடிய இயக்கியை நீக்கிவிட்டு நூவோ என்ற திறந்த இயக்கிக்குத் திரும்புவது. அதைச் செய்ய முதலில் படம் வேண்டுமே? குரப் பட்டியலில் ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10ஐத் தட்டினால், வரைகலை இயக்கியைத் தொடாமல் கணினி தொடங்கும். படம் அழகாக இராது, வேலைக்குப் போதும்.

வைஃபையின் கதை வேறு. பல வைஃபை அட்டைகளுக்குள்ளேயே ஒரு சிறு கணினி இருக்கிறது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதற்கான நிரலை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். அந்த நிரல்களின் மூலம் திறந்ததன்று என்பதால் டெபியன் நெடுங்காலம் அவற்றைத் தள்ளியே வைத்திருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அந்தக் கொள்கையை மாற்றினர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை நிறுவியிலேயே உண்டு. ஆனால் அந்த நிரல்கள் தனிப் பிரிவொன்றுக்கு மாறின. புதிதாக நிறுவியவருக்கு அப்பிரிவு தானாக அமைகிறது. பழையதிலிருந்து உயர்த்தியவர் தன் மூலப் பட்டியலில் அதைக் கையால் சேர்க்க வேண்டும். சேர்க்காதவரின் வைஃபை பழைய நிரலோடு தங்கிவிடும். புதிய கரு வேறு கோப்பைத் தேடினால் வேலை நின்றுவிடும்.

இடியும் மின்கலமும்

உலு யாம் தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. மலேசியத் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி உலகிலேயே இடிமின்னல் மிகுந்த இடங்களில் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் மேகம் திரண்டு இடி இறங்கும். பதிப்பு உயர்த்தலின்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட மென்பொருள் பொதிகள் மாறக்கூடும். நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும்?

நினைப்பதைவிடக் குறைவான சேதம்தான். ஒவ்வொரு பொதியும் அவிழ்க்கப்பட்டதா, அமைக்கப்பட்டதா, முடிந்ததா என்று டெபியன் குடும்பத்தின் பொதிமேலாளர் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டே போகிறது. கோப்பமைப்பும் தான் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் கைவைக்கிறது. மின்சாரம் திரும்பியதும் அரைகுறையாக நின்ற பொதிகளை அமைக்கச் சொல்லும் கட்டளை அந்தப் பதிவேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். மறுபடி முதலிலிருந்து நிறுவத் தேவையில்லை. ஆனாலும் உயர்த்தலைக் காலையில் வைத்துக்கொள்வதே நல்லது. மடிக்கணினியின் மின்கலம் வேலை செய்தால் அதுவே காப்பு.

தாய்ப்பலகையில் சில்லறைக் காசு அளவில் இன்னொரு மின்கலமும் உண்டு. சிஆர்2032, 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் கணினியின் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். அப்போது பொதிமேலாளர், இந்தப் பட்டியல் இன்னும் நடப்புக்கு வரவில்லை என்று மறுக்கும். பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றிதழும் செல்லாது. இணையம் போய்விட்டதாகத் தோன்றும் சிக்கலைச் சில ரிங்கிட் மின்கலம் தீர்த்துவிடும்.

பழைய வன்வட்டையும் கவனிக்க வேண்டும். வட்டின் எல்லா மூலைகளிலும் ஒரே நேரத்தில் எழுதும் வேலை பதிப்பு உயர்த்தலைப் போல வேறு அரிது. ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்த வட்டு அப்போதுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும். பழி புதிய பதிப்பின் மேல் விழும்.

கட்டங்களாகிப் போன தமிழ்

லினக்ஸ் அறிவிக்கப்பட்டதும் ஒருங்குறியின் முதல் பதிப்பில் தமிழ் இடம்பெற்றதும் ஒரே ஆண்டில், 1991இல். ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரம், ஒகரக் குறி என்று இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள், கொம்பு முன்னே வந்து நிற்கிறது. இந்த மாற்றத்தை லினக்ஸில் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். வெறும் கட்டம் தெரிந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் போதும். கொம்பும் காலும் இடம்மாறித் தெரிந்தால் சிக்கல் எழுத்துருவை அடுக்கும் வேலையில் இருக்கிறது.

இதைவிடக் கடினமானது பழைய கோப்புகளின் நிலை. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய நாடு மலேசியா. இங்கே தமிழர்கள் கணினியில் எழுதத் தொடங்கி நாற்பது ஆண்டாகிறது. அதில் கணிசமான பகுதி ஒருங்குறி பரவலாகாத காலம். கோயில் கணக்கும் சங்கக் கூட்டக் குறிப்பும் அன்று டிஸ்கி போன்ற குறியீடுகளிலும், அதற்கென அமைந்த எழுத்துருக்களிலும் தட்டச்சாயின. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துருக்களும் உண்டு. எழுத்துரு இருக்கும்வரை அந்தக் கோப்பு தமிழ். அது போனால் பொருளற்ற குறிகள். 2019இல் எழுத்துகளைத் திரையில் அடுக்கும் பாங்கோ நூலகம் டைப் 1 என்ற பழைய எழுத்துரு வகைக்கான ஆதரவைக் கைவிட்டது. லிப்ரே ஆஃபிஸ் அதற்கு முன்பே விட்டுவிட்டது. உயர்த்தலுக்கு மறுநாள் கோப்பு அழிந்ததுபோல் தோன்றும். உண்மையில் ஒரு பைட்டும் மாறவில்லை. டிஸ்கியில் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றும் வசதி குனூ சி நூலகத்திலேயே இருக்கிறது. ஐகான்வ் என்ற கட்டளை அதைப் பயன்படுத்தும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ஓப்பன் தமிழ் நிரல்தொகுப்பும் இதைச் செய்யும்.

பாதி பாதியாகத் தேடுதல்

எதுவும் பிடிபடாதபோது ஒரு வழி மிஞ்சுகிறது. பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் புதிய கருவை நிறுவியதும் பழையதை உடனே அழிப்பதில்லை. குரப் பட்டியலில் அது இருக்கும். பழைய கருவில் எல்லாம் சரியாக ஓடினால், குற்றம் இரண்டு கருக்களுக்கு நடுவில் நடந்த மாற்றத்தில் இருக்கிறது என்று உறுதியாகிவிடும்.

ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு முறை வரும் ஒவ்வொரு கருவிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருப்பது வழக்கம். குற்றவாளி அதில் ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயுள் போதாது. தோட்டத்து லயன் வீடுகளுக்குப் போகும் நீண்ட தண்ணீர்க் குழாயில் அடைப்பு என்றால் நடுவில் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் வந்தால் அடைப்பு அதற்குக் கீழே, வராவிட்டால் மேலே. டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் மென்பொருளிலும் இதே வேலைக்கு ஒரு கட்டளை உண்டு. நடுவில் உள்ள மாற்றம்வரை கருவை உருவாக்கிச் சோதி. நல்லதா கெட்டதா என்று சொல். மீதியில் பாதியைத் தள்ளு. 2ஐ 14 முறை பெருக்கினால் 16,384. ஆகவே பத்தாயிரம் மாற்றங்களில் ஒளிந்திருக்கும் ஒன்றை 14 சோதனையில் பிடித்துவிடலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் ‘வேலை செய்கிறது’, ‘செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லி இதை முடிக்க முடியும்.

கருவை எழுதுகிறவர்கள் கையில் பதினைந்து ஆண்டுப் பழைய மடிக்கணினிகள் எல்லாம் இருப்பதில்லை. அந்தச் சோதனைக்கூடம் நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ஆகவே உயர்த்தும் முன் கோப்புகளை ஒரு வெளிவட்டில் படியெடுங்கள். லினக்ஸ் ஏற்றிய யூஎஸ்பி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பழைய கருவை அழிக்காதீர்கள். நின்றுபோனால் செயலியின் பெயர், நின்ற படி, திரையில் வந்த கடைசி வரி ஆகிய மூன்றையும் எழுதி உங்கள் லினக்ஸ் வழங்கலின் பழுதுப் பதிவில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் எழுதும் அந்த மூன்று வரி, அதே கணினியை வைத்திருக்கும் வேறு யாருக்கோ அடுத்த பதிப்பில் திருத்தமாகப் போய்ச் சேரும்.