சீனாவில் ஒரு வெப்பமானியுடன்

ஷாங்காய் நகரில் நான் இறங்கிய முதல் நாள் எனக்கு நல்ல தாகம். ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறிய உணவு விடுதிக்குள் நுழைந்து, குடிப்பதுபோல் சைகை காட்டித் தண்ணீர் கேட்டேன். பரிமாறும் அம்மையார் புன்னகையோடு ஒரு கண்ணாடிக் குவளையை என் முன் வைத்தார். விரல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வெந்நீர்! தேநீருக்கு வைத்திருந்ததைத் தவறிக் கொண்டுவந்துவிட்டார் போலும் என்று எண்ணிச் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து மேசையில் ஒரு தாத்தா, அவருடைய பேத்தி, அப்பால் இரண்டு கல்லூரி மாணவர்கள். எல்லோர் முன்னாலும் ஆவி பறக்கும் அதே வெந்நீர்தான்.

இது நடந்தது 2024 ஏப்ரலில். நான் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவன். குடையை மறந்தாலும் மறப்பேன், வெப்பமானியை மறக்க மாட்டேன். பையிலிருந்த வெப்பமானியை எடுத்துக் குவளையில் அமிழ்த்தினேன்: 72 டிகிரி செல்சியஸ். அந்த அம்மையார் என்னை மருத்துவர் என்று நினைத்தாரோ, வேறு எப்படி நினைத்தாரோ தெரியாது. இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போனார்.

சீன மொழியில் கொதித்த நீருக்குக் 'கைஷுவே' என்று பெயர். ரயில் பெட்டியின் கோடியிலும், விமான நிலையத்திலும், விடுதி அறையிலும் அது கிடைக்கும், பெரும்பாலும் காசில்லாமல். பயணிகள் ஆளுக்கொரு குடுவையோடு வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். காலரா, டைஃபாய்டு, சீதபேதி ஆகியவற்றின் கிருமிகள் நீரின் வழியே பரவுகின்றன. நீரைக் கொதிக்க வைத்தால் அவை மடிகின்றன. தேநீர் குடிக்கும் பழக்கமே இந்த வகையில் நெடுங்காலமாக மக்களுக்கு ஒரு காப்பாக இருந்திருக்கிறது. 1952இல் தொடங்கிய நாடு தழுவிய சுகாதார இயக்கத்துக்குப் பின் காய்ச்சிய நீர் பரவலான பழக்கமாகிவிட்டது. இன்றும் அங்கே குழாய் நீரைப் பெரும்பாலோர் நேரே குடிப்பதில்லை.

சட்டியும் தீயும்

அன்றிரவு ஒரு கடையில் சமையலை நேரில் பார்த்தேன். அடுப்பில் வட்டமான குழிந்த இரும்புச் சட்டி. நம் வீடுகளிலும் அதற்குச் சீனச்சட்டி என்ற பெயர் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? அடுப்பு சீறியது, எண்ணெய் புகைந்தது, காயும் இறைச்சியும் சட்டியில் விழுந்தன. சமையற்காரர் நாலைந்து முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார். தட்டு என் முன் வந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இவ்வளவு விரைவு எப்படி? விடை அடுப்பில் மட்டும் இல்லை, அரிவாளிலும் இருக்கிறது. 4 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுர இறைச்சித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 96 சதுர சென்டிமீட்டர். அதையே 1 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 64 துண்டுகள். மொத்த மேற்பரப்பு 384 சதுர சென்டிமீட்டர். வெப்பம் நுழையும் வாசல் நான்கு மடங்கு. அதோடு, வெப்பம் ஒரு பொருளின் நடுப்பகுதியைச் சேர எடுக்கும் நேரம் ஏறக்குறைய தடிமனின் இருமடியைப் பொறுத்தது. தடிமன் நாலில் ஒன்றானால் நேரம் பதினாறில் ஒன்றாகும். நறுக்குவதற்கு அரைமணி, வேகுவதற்கு இரண்டு நிமிடம், எரிபொருள் மிச்சம். எல்லாம் சமையலறையிலேயே நறுக்கப்பட்டுவிடுவதால் சாப்பாட்டு மேசையில் கத்திக்கு வேலையில்லை, இரண்டு குச்சிகளே போதும். (அந்தக் குச்சிகளால் ஒரு நிலக்கடலையை எடுக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.)

மறுநாள் காலை விடுதியில் அரிசிக் கஞ்சி. சீனர்கள் அதை வேறு பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் அயல்நாட்டாருக்காக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த அட்டையில் இருந்த பெயர் 'காஞ்ஜி'. நம் கஞ்சிதான் ஆங்கிலத்தில் அப்படிப் போயிருக்கிறது. கஞ்சியின் மேல் கரும்பழுப்பு நிறத்தில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் முட்டைத் துண்டுகள். மஞ்சள் கரு இருந்த இடத்தில் சாம்பல் கலந்த பச்சை. அழுகிய முட்டை என்று தட்டை ஒதுக்கினேன். அழுகவில்லை. சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, களிமண் கலந்த பூச்சில் சில வாரம் முதல் சில மாதம் வரை வைத்த வாத்து முட்டை அது; 'பிதான்' என்பார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை ஓட்டின் வழியே உள்ளே கசிந்து, புரதத்தைத் தீயில்லாமலே உறைய வைத்துவிடுகிறது. முட்டையிலுள்ள இரும்பும் கந்தகமும் சேர்வதால் கருவுக்கு அந்தப் பச்சை நிறம். ஒரு துண்டு தின்றேன். அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. இரண்டாவது துண்டு வேண்டாம் என்று தோன்றியதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கறுப்புத் தேயிலைச் செடி எங்கே?

ஷாங்காயிலிருந்து ஹாங்சோ நகரம் விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நகரை ஒட்டிய மேற்கு ஏரிக்கு அப்பால், குன்றுச் சரிவுகளில் லோங்ஜிங் தேயிலைத் தோட்டங்கள். பெயருக்கு 'டிராகன் கிணறு' என்று பொருள். அது கொழுந்து பறிக்கும் பருவம். ஒரு வீட்டு வாசலில் ஒருவர் சூடான சட்டியில் வெறுங்கையால் கொழுந்துகளை அழுத்திப் புரட்டிக்கொண்டிருந்தார். புதுப்புல் மணமும் வறுத்த கடலை மணமும் கலந்து வந்தன.

உடன் வந்த சீன நண்பரிடம், "பச்சைத் தேயிலைச் செடியைப் பார்த்துவிட்டேன். கறுப்புத் தேயிலைச் செடி எங்கே வளர்கிறது?" என்று கேட்டேன். அவர் முதலில் புரியாமல் விழித்தார். பிறகு சிரித்தார். "எல்லாம் ஒரே செடிதானே, ஆசிரியரே!"

எனக்கு முகம் சுட்டது. வேடிக்கைக் கேள்வி அல்ல அது. பல ஆண்டுகளாக என் வகுப்பில், இரண்டும் வெவ்வேறு செடிகள் என்றே சொல்லி வந்திருக்கிறேன். எத்தனை மாணவர்கள் அதை எழுதிக்கொண்டு போனார்களோ!

ஆறுதலுக்கு ஒரு பெரிய துணை எனக்கு உண்டு. தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1762இல் பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இரண்டு தனித்தனி இனப் பெயர்கள் கொடுத்தார். அவர் சீனாவுக்குப் போனதில்லை. 1843இல் சீனா சென்ற ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலார், ஒரே செடியின் இலையிலிருந்து இரண்டும் செய்யப்படுவதைக் கண்டு எழுதினார். 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவர் மறுபடி சென்றார். அப்போது ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்கு எடுப்பான நிறம் வரவேண்டுமென்று பிரஷ்யன் நீலச் சாயமும் ஜிப்சமும் கலப்பதையும் பார்த்தார். வெளிநாட்டார் 'பச்சை' கேட்டார்கள், கிடைத்தது!

தேயிலைச் செடியின் அறிவியல் பெயர் கமேலியா சினென்சிஸ். அதில் சிற்றிலை வகையும், அஸ்ஸாமில் காணும் பேரிலை வகையும் உண்டு, இனம் ஒன்றே. அப்படியானால் நிறம் மாறுவது ஏன்? பறித்த இலையை வாட்டி, உருட்டிக் கசக்கினால் அதன் செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பாலிபீனால்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, பொன்னிறமும் செம்பழுப்பும் உடைய புதுப் பொருள்கள் உண்டாகின்றன. நம் ஊர்த் தேநீரின் நிறமும் துவர்ப்பும் இவற்றால் வருவன. சீனர்கள் இதைக் கறுப்பு என்பதில்லை. 'ஹொங் ச்சா', அதாவது சிவப்புத் தேநீர் என்கிறார்கள். அவர்கள் இலையைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பச்சைத் தேயிலைக்கோ, பறித்த இலையை அதிகம் காத்திருக்க விடாமல் சூடான சட்டியில் போடுகிறார்கள். நொதி ஒரு புரதம்; வெப்பத்தில் அது செயலிழக்கிறது. நிறம் மாறும் வேலை தொடங்குமுன்பே நின்றுவிடுகிறது. இந்தப் படிக்குச் சீனத் தொழிலாளர் வைத்திருக்கும் பெயர் 'பச்சையைக் கொல்லுதல்'. உண்மையில் பச்சையைக் காப்பாற்றும் வேலை இது. பெயர் வைத்தவரோடு எனக்கு உடன்பாடில்லை.

அங்கேயே ஒரு கோப்பை தந்தார்கள். பாலும் சர்க்கரையும் கேட்டேன். இரண்டும் இல்லை. வெப்பமானி 80 டிகிரி காட்டியது. கொதிநீரை ஊற்றினால் துவர்ப்புப் பொருள்கள் அதிகமாக இறங்கி, இந்த மென்மையான தேநீர் கசந்துவிடுமாம். நாவில் தோன்றும் துவர்ப்பு, பாலிபீனால்கள் நம் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வருவது. பால் சேர்த்தால் அவை பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன, துவர்ப்பு குறைகிறது. பால் சேர்க்காத முதல் கோப்பை எனக்கு வெறும் இலைச் சாறுபோல் இருந்தது. மூன்றாவது கோப்பையில் கொஞ்சம் பிடித்தது.

'தேயிலை' என்ற சொல்லின் 'தே' கூடச் சீனச் சொல்தான். ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் அது 'தே'. சீனாவின் பெரும்பகுதியில் 'ச்சா'. கப்பல் வழியே ஒன்று பரவியது. சாயா என்று நாம் சொல்லும்போது மற்றொன்றும் நம்மிடம் இருக்கிறது.

இரண்டு விரல், எட்டு நூறு

சந்தையில் ஒரு தேயிலைக் கடைக்காரியிடம் விலை கேட்டேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். இரண்டு விரல், ஆகவே கிலோ 200 யுவான் என்று முடிவு கட்டி, அரைக் கிலோ பொட்டலம் கட்டச் சொல்லி 100 யுவான் நீட்டினேன். அவர் கையை உதறிக் கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டினார்: 800!

சீனர்கள் ஒரே கையால் பத்து வரை எண்ணுவார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்தால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்தால் எட்டு. இது முதல் பிழை. இரண்டாவது பிழை, விலை கிலோவுக்கு அல்ல, 'ஜின்' என்ற அளவுக்கு. ஒரு ஜின் 500 கிராம். ஆக, நான் நினைத்ததைப்போல் உண்மை விலை எட்டு மடங்கு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஜின்னில் பத்தில் ஒரு பங்கு 'லியாங்', 50 கிராம். பழைய முறையில் ஒரு ஜின்னுக்குப் 16 லியாங். 1959இல்தான் பத்தாக மாற்றினார்கள். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல, "அரை ஜின், எட்டு லியாங்" என்று இன்றும் பேசுகிறார்கள். தராசு மாறியும் பேச்சு மாறவில்லை. நான் ஒரே ஒரு லியாங் வாங்கினேன். 80 யுவான், சுமார் 900 ரூபாய். பணத்தை நோட்டாகக் கொடுத்தபோது கடைக்காரி சில்லறைக்காகப் பக்கத்துக் கடைகளுக்கு ஓடினார். கீரை விற்கும் பாட்டிகூடக் கட்டம்போட்ட அட்டையைத்தான் காட்டுகிறார், நம் ஊரில் இப்போது காண்பதுபோலவே.

ஹாங்சோவிலிருந்து குன்மிங் வரை நீண்ட ரயில் பயணம். அங்கே விடுதியில் நீர் தளதளவென்று கொதிக்கும்போது வெப்பமானியை விட்டேன். 94 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. கருவி பழுதாகிவிட்டது என்று ஒரு நிமிடம் பதறிப்போனேன். பிறகு நினைவு வந்தது: குன்மிங் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. உதகமண்டலத்தில் இருக்கும் வாசகர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கிருமிகளைப் பற்றிய கவலை வேண்டாம். அவற்றைக் கொல்ல 94 டிகிரி தாராளம்.

ஊர் திரும்பிய பின், வகுப்பில் முதல் வேலையாக என் பிழையைச் சொன்னேன். ஓர் உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒரு வில்லையை அப்படியே தட்டில் வைத்தேன். மற்றொன்றை உடனே கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து வைத்தேன். அரைமணியில் முதல் வில்லை பழுப்பேறியது. வெந்த வில்லை வெளிறியே இருந்தது. அதே வகை நொதி, அதே 'கொலை'. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், எங்க ஆத்தா வாழைப்பூவை நறுக்கி மோர்த்தண்ணியில போடுவாங்க, கறுக்காம இருக்கும். அதுவும் இதுதானா?"

அதுவும் இதுதான். ஆனால் அங்கே நொதியை அடக்குவது வெப்பமல்ல, மோரின் புளிப்பு. அதை எனக்கு யாரும் ஹாங்சோவில் சொல்லவில்லை.