சென்னையிலிருந்து ஜித்தா: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

உம்ரா டிக்கெட் கைக்கு வந்ததும் பலர் நம்மிடம் கேட்பது: "காலை 10 மணிக்குக் கிளம்பி மதியம் 1.30க்கு இறங்கும்னு போட்டிருக்கே, மூன்றரை மணி நேரம்தானா?" இல்லை, ஆறு மணி நேரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கணக்கு, இறங்கும் நேரம் சவூதிக் கணக்கு. சவூதிக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. திரும்பும்போது இது தலைகீழாகும்: ஜித்தாவில் பகல் 3 மணிக்கு ஏறி இரவு 11 மணிக்குச் சென்னையில் இறங்கினால், எட்டு மணி நேரமாகத் தெரிந்தாலும் பயணம் ஐந்தரை மணிதான்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 4,450 கிலோமீட்டர். மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால், குறிப்பாகக் குளிர்காலத்தில், போகும்போது சற்று அதிகமாகவும் வரும்போது குறைவாகவும் ஆகும். 1995 வரை மும்பையிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர்களுக்கு இதே பயணம் பல நாட்கள் பிடித்தது.

துபாய், மஸ்கட் வழியாகப் போனால் கட்டணம் குறையலாம். ஆனால் காத்திருப்பையும் சேர்த்துப் பாருங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு, மிச்சமாகும் பணத்தைவிட அந்த அலைச்சல் பெரிது என்பது நமது கருத்து.

சர்க்கரை நோயாளிகள் கடிகாரத்தை மாற்றியதும் இன்சுலின் நேரத்தையும் தாங்களாகவே மாற்றிவிடக் கூடாது. போகிற நாள் இரண்டரை மணி நேரம் நீள்கிறது. வருகிற நாள் அவ்வளவு சுருங்குகிறது. டிக்கெட்டைக் காட்டி டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கறையில் போகும் பெட்டியில் அது உறைந்து கெடலாம்.

தொழுகை நேரத்தைச் சூரியனே தீர்மானிக்கும். காலை 10 மணி விமானத்தில் சூரியன் உச்சி சாய்வது சென்னை நேரப்படி 2 மணி அளவில். ஜித்தாவில் இறங்கிய பிறகும் லுஹருக்கு நேரம் இருக்கும், ஆனால் குடியேற்ற வரிசை அதை விழுங்கிவிடலாம். திரும்பும் பயணத்தில்தான் அதிகக் கவனம் தேவை. கிழக்கே பறப்பதால் பொழுது வேகமாகச் சாயும். 3 மணி விமானத்தில் அஸர் வானத்திலேயே வந்து, ஏறிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மஃரிபும் வந்துவிடும். கைக்கடிகாரத்தை நம்பி இருந்தால் அஸர் தவறிவிடும். ஜன்னலைப் பாருங்கள்.

மீக்காத் எல்லை ஜித்தாவுக்கு முன்பே வானில் கடந்துபோகும். ஆகவே நேராக ஜித்தா செல்வோர் வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ இஹ்ராம் உடை அணிந்துகொண்டு, அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்துத் தல்பியா ஓதலாம். அறிவிப்பு சில நேரம் காதில் விழாது. தூங்கிவிடுவோம் என்ற பயம் இருந்தால் முன்கூட்டியே நிய்யத் செய்வதே பாதுகாப்பு. முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரம் இல்லை. அங்கிருந்து மக்கா கிளம்பும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம்.

ஜித்தா விமான நிலையத்திலிருந்து மக்கா இன்னும் சுமார் 100 கிலோமீட்டர். சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்வது, குடியேற்றச் சோதனை, பெட்டி, பஸ் எல்லாம் கூட்டினால், விமான நிலையம் நுழைந்ததிலிருந்து ஹோட்டல் அறை சேர 12 முதல் 14 மணி நேரம் ஆகும். "போய்ச் சேர்ந்துட்டோம்" என்ற போனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.