பட்டியலை முதல்ல எழுதும்மா

“அக்கா, என் நகை கிடைக்குமா?” என்றுதான் பெரும்பாலும் பேச்சு ஆரம்பிக்கும். “பாஸ்போர்ட் எங்கேம்மா இருக்கு?” என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். கழுத்து நகையையே விட்டுவிட்டு வந்து நிற்கிறோம், இவள் காகிதத்தைப் பற்றிக் கேட்கிறாளே என்று தோன்றும்போல.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில், கீழே துணிக்கடையும் மேலே வழக்கறிஞர் அலுவலகமுமாக இருக்கிற பழைய கடைவீடு ஒன்றில் நான் குமாஸ்தா. கட்சிக்காரர்கள் சார் அறைக்குள் போவதற்கு முன்னால் என் மேசையில்தான் உட்காருவார்கள். சட்டம் சொல்வது சாருடைய வேலை. வீட்டை விட்டு வந்தவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள் என்று எழுதி வாங்குவது என் வேலை. இத்தனை காலம் பார்த்ததில் ஒன்று புரிந்திருக்கிறது. வீடு, மத்திய சேம நிதி, பிள்ளைகள் யாரிடம் என்பதையெல்லாம் நீதிமன்றம் கடைசியில் தீர்த்து வைக்கும். பெட்டியில் வர வேண்டிய சாமான்களால் அதுவரை பொறுக்க முடியாது. ஒரு ஒழுங்கான பட்டியலும், இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரு நேரமும் இருந்தால்தான் அவை சண்டையில்லாமல் வெளியே வருகின்றன.

எவ்வளவு காலம் என்று கேட்டால் பலருக்கு மலைப்பாக இருக்கும். 1961இன் மாதர் சாசனம் என்ற சட்டப்படி, மணமாகி 3 ஆண்டு முடியுமுன் மணவிலக்குக்கு மனுப் போட முடியாது; மிகக் கடுமையான இன்னல் என்று காட்டினால்தான் விதிவிலக்கு. மனுப் போட்டு இடைக்காலத் தீர்ப்பு வந்தாலும், இறுதித் தீர்ப்புக்குப் பொதுவாக இன்னும் 3 மாதம் ஆகும். 2024 ஜூலை 1 முதல் இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்றொரு வழி வந்திருக்கிறது. அதிலும் இந்தக் கெடுக்கள் அப்படியேதான் இருக்கின்றன. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் கையில் ஒரு பையோடு தோழி வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு, வேலைக்கு விண்ணப்பிக்க டிகிரி சர்டிபிகேட் அடுத்த வாரமே வேண்டும்.

அதனால்தான் காகிதம் முதலில். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டும் அப்படியே, இங்குள்ள அரசுக்குச் சொந்தம். மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதால் அது அவருடையதாகிவிடாது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினாலே பல வீடுகளில் பாஸ்போர்ட் தானாக வந்துவிடும். வராவிட்டால் போலீசில் புகார் பதிந்து, கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கு நடக்க வேண்டும். திருமணச் சான்றிதழின் நகலைத் திருமணப் பதிவகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்காக யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம். 2022 மே 29 முதல் இங்கே பிறப்பு பதிவான குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே மின்வடிவில்தான். அதற்கு முன் பதிவான பிள்ளை என்றால் அந்தத் தாளை மறக்காமல் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகச் சான்றிதழ்தான் தலைவலி. தொலைந்தால் இரண்டாவது பிரதி வாங்க ஊருக்கும் இங்கேயுமாக எவ்வளவு அலைய வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும். கணவர் ஆதரவில் நீண்டகால வருகை அனுமதி பெற்றிருப்பவர்கள் அது முடியும் தேதியையும் குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்தத் தேதியைக் கேட்டால்தான் சாருக்கு எதை எப்போது செய்வது என்று தெரியும்.

இனி நகை. பட்டியலில் “தங்கம், சுமார் 40 பவுன்” என்று எழுதிக் கொடுப்பார்கள். நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எந்த நகை, எத்தனை கிராம், யார் கொடுத்தது, எப்போது, ரசீது உண்டா என்று தனித்தனியாக வேண்டும். அதிலும் யார் கொடுத்தது என்பதுதான் முக்கியம். மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு, மணவாழ்வில் சேர்ந்த சொத்தைப் பங்கிடச் சொல்கிறது. வேறொருவர் அன்பளிப்பாகக் கொடுத்ததும் வாரிசாக வந்ததும் பொதுவாக அந்தக் கணக்கில் சேராது. அம்மா போட்ட ஆரம், அத்தை கொடுத்த வளையல் எல்லாம் அந்தப் பெண்ணோடு போகும். கணவர் தன் சம்பளத்தில் பஃபலோ ரோட்டில் வாங்கித் தந்த நெக்லஸ் என்றால் கதை வேறு. கணவன் மனைவிக்குள் கொடுத்துக்கொண்ட அன்பளிப்பும் மணவாழ்வுச் சொத்துதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் ஒரு வழக்கில் சொன்னது. பிறந்தநாள் மோதிரத்துக்கெல்லாம் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. கனமான செட் என்றால் போகிறார்கள். தாலிக்கொடி யார் செலவில் செய்தது என்று நான் கேட்கும்போது சிலர் அழுதுவிடுவார்கள். கேட்காமல் விட்டால் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

ரசீது தொலைந்துபோனவர்களுக்குக் கல்யாண ஆல்பம்தான் சாட்சி. எந்த நகை யார் கையால் எந்தச் சடங்கில் போடப்பட்டது என்று நம் புகைப்படக்காரர்கள் எடுத்துத் தள்ளியிருப்பார்கள். வீடியோவில் சித்தப்பா வளையல் பெட்டியைத் திறந்து காட்டுவதுகூட இருக்கும். அந்த ஆடம்பரத்தை நானே முன்பு கேலி செய்ததுண்டு.

நகை வீட்டிலேயே இல்லை, அடகுக் கடையில் இருக்கிறது என்பதும் அடிக்கடி நடக்கிறது. அடகுச் சீட்டு யார் பெயரில், கெடு என்றைக்கு என்று உடனே பார்க்க வேண்டும். இங்கே வழக்கமான கெடு 6 மாதம். அது தாண்டினால் அம்மா போட்ட ஆரமென்று யாரிடம் சொல்லியும் பயனில்லை. பெரிய சொத்தை மறைக்கவோ விற்கவோ பார்க்கிறார்கள் என்றால் தடை கேட்டு மனுப் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு பொருள் யாருக்குச் சொந்தம் என்பதையே நீதிபதியிடம் சுருக்கமாகக் கேட்கும் வழியும் மாதர் சாசனத்தில் உண்டு. 1882இல் இங்கிலாந்தில் வந்த மணமான பெண்களின் சொத்துச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு அது.

கொடுத்தவர் யார் என்று பார்ப்பதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்று கணக்கு உண்டு. பெற்றோர் வழி வந்தது ஒன்று, பெண்ணுக்குக் கொடுத்து அனுப்பியது ஒன்று, இருவரும் குடும்பம் நடத்தும்போது சேர்த்தது ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர்கள் அதை எழுத்தில் தொகுத்துவிட்டார்கள். சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோவில் பக்கத்துப் பாட்டி ஒருவர் பேத்திக்காக எங்கள் அலுவலகம் வந்திருந்தார். சார் 112ஆம் பிரிவை விளக்கி முடிப்பதற்குள், “சீதனம் அவளுக்கு, தேட்டம் பாதிப் பாதி, அவ்வளவுதானே தம்பி?” என்று கேட்டார். பாதிப் பாதி என்பது இங்கே நிச்சயமில்லை. அவரவர் பங்களிப்பைப் பார்த்துத்தான் நீதிமன்றம் பிரிக்கும். மற்றபடி பாட்டி சொன்னது சரிதான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்களோ போலீசைக் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. பெண்ணின் சீதனம் அவளுக்கே சொந்தம், புகுந்த வீடு அதைத் திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்புச் சொன்னது. 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட்டே உத்தரவிடலாம். 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கு ஒன்றில், 89 பவுனைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லிக் கணவர் வாங்கிக்கொண்டதாக மனைவி முறையிட்டார். அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது அதே நீதிமன்றம். கல்யாணமாகி இருபது ஆண்டுக்கு மேல் கடந்த பிறகு கிடைத்த நீதி அது. இங்கே காவல் நிலையத்துக்குப் போனால் புகாரைப் பதிவு செய்வார்கள். கணவன் மனைவி சாமான் தகராறு என்றால் பெரும்பாலும் சிவில் விவகாரம், வக்கீலைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அடி உதை, மிரட்டல் இருந்தால் அது வேறு. அப்போது சாமானை விடுங்கள், ஆள் முதலில் வெளியே வர வேண்டும். 1800-777-0000 என்ற வன்முறை உதவி எண்ணைக் கூப்பிடலாம், குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் ஒரு காரியத்தை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது: பாதிக்கப்பட்டவர் அதிகாரி ஒருவர் துணையோடு வீட்டுக்குள் போய்த் தன் உடைமைகளை எடுத்துவர அனுமதிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்படி ஒரு வரி எல்லா நாட்டுச் சட்டத்திலும் கண்ணில் படும்படி இருந்தால் என் வேலை பாதியாகும்.

வன்முறை இல்லாத வீடு என்றால் நாங்கள் செய்வது இதுதான். முதலில் பட்டியலோடு ஒரு கடிதம். கோபமான சொல் ஒன்றும் இருக்காது. இன்ன தேதி, இன்ன நேரம், கூட இன்னார் வருவார் என்று மட்டும். அடுக்குமாடி வீடு மாமியார் பெயரில் இருந்தால், மருமகள் தன்னிடம் இருக்கும் சாவியைப் போட்டு யாரும் இல்லாதபோது நுழைவது வம்பு. பூட்டை மாற்றிவிட்டார்களே என்று பூட்டுக்காரரைக் கூட்டிப்போவது அதைவிடப் பெரிய வம்பு. கூட வருபவர் அண்ணனாக இருக்கக் கூடாது என்று நான் கட்டாயமாகச் சொல்வேன். அண்ணன்மார் சாமான் எடுக்கப் போவதில்லை, நியாயம் கேட்கப் போகிறார்கள். அலுவலகத்துச் சிநேகிதி, கோவிலில் பழக்கமான பெரியவர், இல்லாவிட்டால் நான்.

ஈசூனில் ஒரு வீட்டுக்கு அப்படிப் போனேன். விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். முஸ்தஃபாவில் வாங்கிய காலிப் பெட்டிகளோடு அந்தப் பெண்ணும் நானும் நின்றோம். கதவைத் திறந்த மாமியார் என்னைப் பார்த்து, “நீங்க யாரும்மா, போலீசா?” என்றார். “பட்டியல் படிக்கிறவங்க, அம்மா” என்றேன். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன், அவள் எடுத்து வைத்தாள், இருவரும் டிக் அடித்தோம். பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம் பட்டியலில் இல்லை. எடுக்காதே என்று கண்ணால் சொன்னேன். மாமியாரே அலமாரியிலிருந்து எடுத்து, “இது இல்லாம டாக்டர்கிட்ட என்ன பண்ணுவே?” என்று பெட்டியில் போட்டார். கடைசியில் இரண்டு தாளிலும் கையெழுத்து. வாங்கிக்கொண்டதற்கு ஒன்று, இன்னும் வர வேண்டியவற்றுக்கு ஒன்று. அந்த இரண்டாவது தாளைத்தான் சார் பிறகு சம்மத உத்தரவில் சேர்த்தார். மீதிச் சாமான் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பது அதன்பின் நீதிமன்றத்தின் ஆணையாகிவிட்டது.

முஸ்லிம் கட்சிக்காரர்களுக்கு ஷரியா நீதிமன்றம். நடைமுறை வேறு, பட்டியல் அதேதான்.

ஆண்களும் வருகிறார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒருவர், வீட்டைப் பற்றியோ காரைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறந்துபோன அப்பாவின் மிருதங்கம் மட்டும் வேண்டும் என்றார். மனைவி தரப்பில் அது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஸ்டோர் அறையில் சைக்கிளுக்குப் பின்னால் கிடந்தது.

அபூர்வமாகத்தான் நகைக்குச் சண்டை முற்றும். சமையலறைச் சாமானுக்கு அடிக்கடி முற்றும். ஒரு டேபிள் டாப் கிரைண்டருக்காக இரண்டு பக்கமும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். “இந்தக் கடிதக் காசுக்குத் தேக்காவில் புதுசாவே வாங்கிடலாம்மா” என்றேன். “அது கோயம்புத்தூர்லேருந்து எங்கம்மா தூக்கிட்டு வந்தது அக்கா” என்றாள். சார் இன்னொரு கடிதம் எழுதினார். கிரைண்டர் வந்தது, கல் இல்லாமல். கல்லுக்குத் தனியாக ஒரு கடிதம் போயிருக்கிறது.