ஒரு ஸ்பூன் யூரியா... ஒரு ஆட்டுக்குட்டி!

வெள்ளிக்கிழமை காலையில் கிருஷ்ணகிரி பக்கத்தில் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போயிருக்கீங்களா? தமிழ்ல வெள்ளாடு, தெலுங்குல மேக, கன்னடத்துல மேகேன்னு மூணு பாஷையிலயும் பேரம் தூள் பறக்கும். அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, அம்மாவுக்கு வீட்டுக்குப் பின்னால் நாலு ஆடுன்னு ஓடுகிற குடும்பங்கள் இந்த ஏரியாவில் நிறைய. செமஸ்டர் ஃபீஸ் கட்ட ஒரு கிடா சந்தைக்குப் போன கதை, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்லாவே தெரியும்.

அந்தக் கிடா, குட்டியாக இருக்கும்போதே ஒரே சாயங்காலத்தில் செத்துப்போக முடியும். வில்லன், மாட்டுத் தீவனத்தில் சத்துக்காகச் சேர்க்கிற ஒரு வெள்ளைக் குருணை. பேரு... யூரியா!

'அது வயலுக்குப் போடற உரமாச்சே?'ன்னு கேட்கறீங்களா? உரமும் அதுதான், தீவனச் சேர்க்கையும் அதுதான். ஆடு, மாடு மாதிரி அசை போடற விலங்குகளோட பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கு. யூரியா உள்ளே போனதும் அதை அமோனியாவாக உடைத்து, அதிலிருந்து புரதம் தயாரிப்பது அவங்க வேலை. ஒரு கிலோ யூரியாவில் 46 சதவிகிதம் நைட்ரஜன். அதை 6.25-ஆல் பெருக்கினால் வருவது 287! அதாவது கணக்குப்படி 2.87 கிலோ புரதத்துக்குச் சமம். புண்ணாக்கு விற்கிற விலையில், மானிய யூரியா 45 கிலோ மூட்டை 300 ரூபாய்க்குள்ளே கிடைக்குதுன்னா யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனா ஒரு கண்டிஷன். நுண்ணுயிர்கள் பயன்படுத்தற வேகத்தைவிட அமோனியா வேகமாக உருவானால், மிச்சம் ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் ஓரளவுக்குத்தான் சமாளிக்கும். அதைத் தாண்டினால் நேரா மூளையைத் தாக்கும்.

சின்னக் குட்டிகள் சிக்குவது இங்கேதான். பிறந்த புதுசில் பால்தான் சாப்பாடு, பெருவயிறு இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. யூரியா கொடுத்தாலும் அதைப் புரதமாக்க உள்ளே ஆளில்லை. இரண்டு, மூன்று வாரத்தில் இலை தழை கடிக்க ஆரம்பித்து, பெருவயிறு வேலையைத் தொடங்கும்போது அமோனியா உருவாகும். ஆனா அதைச் சமாளிக்கிற பழக்கம் வந்திருக்காது. அதனால்தான் 6 மாசம் வரைக்கும் யூரியா கலந்த தீவனம் பக்கமே குட்டிகளை விடாதீங்க என்கிறார்கள்.

இப்போ ஒரு கணக்கு. பழக்கமில்லாத ஆட்டுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 கிராம் யூரியாவே ஆபத்து. 1 முதல் 1.5 கிராம் போனால் பெரும்பாலும் மரணம். குட்டியோட எடை 10 கிலோன்னு வைங்க. 3 கிராமிலேயே ஆபத்து ஆரம்பம், 10 கிராமில் கதை முடியலாம். ஒரு டீஸ்பூன் யூரியா சுமாரா 4 கிராம். மீதியை நீங்களே போட்டுப் பாருங்க!

'நாங்க யூரியாவே கலக்கறதில்லையே'ன்னு நிம்மதியா இருக்க முடியாது. மாட்டுக்கு வாங்கின கலப்புத் தீவனத்தை ஆட்டுக்குட்டி திருட்டுத்தனமா மேயலாம். வைக்கோலை யூரியா தெளித்து ஊற வைக்கும்போது (100 கிலோவுக்கு 4 கிலோ, 21 நாள் மூடி வைக்கணும்) பாதியில் பிரித்துப் போடலாம். இன்னொண்ணு, ஓசூரைச் சுற்றி ரோஜாவும் குடைமிளகாயும் வளர்கிற பசுமைக்குடில்கள். சொட்டுநீரில் உரம் கரைக்கிற தொட்டியைத் திறந்து வைத்தால், தாகத்தில் வருகிற ஆட்டுக்கு அதுவும் தண்ணிதான்!

விஷம் ஏறினால் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். எச்சில் ஒழுகும், பல்லை நறநறன்னு கடிக்கும், உடம்பு நடுங்கும், தள்ளாடும், வயிறு உப்பும், மூச்சு வாங்கும், வலிப்பு வரும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

காப்பாற்ற வழி உங்க கெமிஸ்ட்ரி கிளாஸிலேயே இருக்கு. குளிர்ந்த தண்ணியோட வினிகர்! அமிலம் சேர்ந்தால் அமோனியா, அம்மோனியம் அயனியாக மாறிடும். அது வயிற்றுச் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் சுலபமாக நுழையாது. குளிர்ந்த தண்ணி, யூரியா உடைகிற வேகத்தைக் குறைக்கும். ஆனா வலிப்பு வந்த குட்டிக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போயிடும். அதனால முதல் வேலை போனை எடுக்கறது. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962. எவ்வளவு, எப்படிக் கொடுக்கணும்னு டாக்டர் சொல்லட்டும்.

1828-ல் ஃப்ரெட்ரிக் வோலர் ஆய்வுக்கூடத்தில் யூரியா தயாரித்ததை ஆர்கானிக் கெமிஸ்ட்ரியோட முதல் பக்கத்தில் படிச்சிருப்பீங்க. பரீட்சையில் ரெண்டு மார்க். அதே பாடத்தை இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அம்மாகிட்ட சொல்லிப் பாருங்க. யூரியா மூட்டையைத் தீவன மூட்டை பக்கத்தில் வைக்காதே, உரத் தொட்டியை மூடி வை, குட்டியைத் தனியாக் கட்டு. இந்த மூணு போதும்.

மார்க் கிடைக்காது. ஆனா அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கொட்டகையில் பத்திரமா அசை போட்டுட்டு இருக்கும்!