விலகி நிற்க இடமில்லை

கொரோனா ஊரடங்கு காட்கோபர் முதல் தாராவி வரை வாழும் தமிழர்களின் பிழைப்பைப் பறித்தது. மனதில் அது விட்டுச் சென்ற பயமும் சோர்வும் இன்னும் பேசப்படாமலே கிடக்கின்றன.

காட்கோபரில் வேலைக்குப் போகிறவர்களின் நாள், மின்சார ரயிலின் நேரத்தோடு தொடங்கி அதனோடே முடியும். கிழக்கே காமராஜ் நகரில் குடியிருந்தவருக்கும் மேற்கே அசல்பா குன்றுச் சரிவில் வாடகைக்கு இருந்தவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. 2020 மார்ச் 22ஆம் தேதி இரவு அந்த ரயில் நின்றது. நாளொன்றுக்குச் சுமார் 75 லட்சம் பேரைச் சுமந்த மும்பையின் புறநகர் ரயில்கள் பணிமனைகளுக்குத் திரும்பின. இரண்டு நாள் கழித்து, மார்ச் 24ஆம் தேதி இரவு, நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே கட்டளை: வீட்டுக்குள் இருங்கள், விலகி இருங்கள்.

கட்டளை எளிமையானதுதான். ஆனால் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்தில் யார் யாரிடமிருந்து விலகுவது? சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த ஒரே அறையில். மும்பையின் குடிசைப் பகுதி வாழ்க்கைக்கு ஒரு ரகசிய ஏற்பாடு உண்டு. பகலில் ஆண்கள் வேலையிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருப்பார்கள். இரவுப் பணிக்காரர் பகலில் தூங்குவார். வீடு சிறியதாக இருந்தாலும் தெரு பெரியது. ஊரடங்கு அந்தத் தெருவைப் பூட்டியதும், முறை வைத்து வாழ்ந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அறைக்குள் அடைபட்டனர்.

ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் தொற்று உறுதியானது. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் ஆறரை லட்சத்திலிருந்து பத்து லட்சம் பேர் வரை வசிப்பதாக மதிப்பிடப்படும் இடம் அது. அவர்களில் 80 சதவீதம் பேருக்குப் பொதுக் கழிப்பறைதான் கதி. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழர்களின் வாரிசுகள் இங்கே ஏராளம். விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நகரமெங்கும் விற்கப் புறப்படுகிறவர்களில் பலரும் இந்தப் பகுதியினர். ஊரடங்கில் இட்லி விற்கவும் வழியில்லை, வாங்கவும் ஆளில்லை.

தாராவி நோயைக் கட்டுப்படுத்திய விதம் உலகப் புகழ் பெற்றது. மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உள்ளவர்களைத் தேடிப் பிடித்தனர். பள்ளிகளும் திருமண மண்டபங்களும் தனிமைப்படுத்தும் முகாம்களாயின. 2020 ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் அதனோம் தாராவியைப் பெயர் சொல்லியே பாராட்டினார். ஆனால் உடலைத் தேடிச் சென்ற அந்தப் படையிடம் மனதை அளக்கும் கருவி இருக்கவில்லை. இன்று யாரை முகாமுக்குக் கூட்டிச் செல்வார்கள், நாளை நம் வாசலில் தடுப்பு விழுமா, கழிப்பறை வரிசையில் முன்னால் நின்றவர் இருமினாரே என்ற கவலைகள் எந்தப் படிவத்திலும் பதிவாகவில்லை.

அந்தக் கவலை ஆதாரமற்றதும் அல்ல. 2020 ஜூலையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், மாநகராட்சி, நிதி ஆயோக் ஆகியவை மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை ஆய்வு நடத்தின. அவற்றில் இரண்டு தமிழர்களுக்கு நன்கு பழக்கமானவை: மாட்டுங்காவும் செம்பூர் மேற்கும். மூன்றாவது தஹிசர். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேரின் ரத்தத்தில் கிருமி வந்துபோன தடயம் இருந்தது. மற்ற குடியிருப்புகளில் அது 16 சதவீதம். 'விலகி இரு' என்ற கட்டளை யாருக்குச் சாத்தியம், யாருக்குச் சாத்தியமில்லை என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. கடைப்பிடிக்க முடியாத கட்டளையைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. வயதான தாய்க்குத் தன்னால்தான் தொற்றியதோ என்று மருகிய மகன்களும் மகள்களும் எத்தனையோ பேர்.

சொல்லிலேயே சிக்கல் இருந்தது. 2020 மார்ச் 20ஆம் தேதியே உலக சுகாதார நிறுவனம், சமூகத்திலிருந்து விலகச் சொல்லவில்லை, உடலளவில் இடைவெளி விடத்தான் சொல்கிறோம் என்று சொல்லை மாற்றியது. தமிழில் முதலில் பரவியதோ 'சமூக விலகல்'. தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்று அதை ஆக்கியவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பின்னர் 'சமூக இடைவெளி' என்றும் 'தனிநபர் இடைவெளி' என்றும் திருத்தினார்கள். அதற்குள் சொல் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

ஊருக்குப் போனவர்களுக்கு அது இன்னும் கசந்தது. மே மாதம் சிறப்பு ரயில்களிலும் வாடகை வண்டிகளிலும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களுக்குத் திரும்பியவர்களில் பலருக்குப் பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்தது. தினசரிப் பட்டியலில் 'மகாராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள்' என்று தனிக் கணக்கு வந்தது. மும்பையில் மதராசி, சொந்த ஊரில் மும்பைக்காரன் என்று இருபுறமும் அந்நியராகிப்போன நிலை அவர்களுடையது.

மாட்டுங்காவின் பழைய அடுக்கு மாடிகளில் நிலைமை நேர் எதிர். அங்கே அறைகள் உண்டு, ஆட்கள் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் இருவரோ ஒருவரோ. காலையில் கோயில், பிறகு மார்க்கெட், மாலையில் பூங்காவில் நாலு பேரோடு பேச்சு என்று ஓடிய நாளில் மூன்றும் அறுந்தன. மகாராஷ்டிரத்தில் வழிபாட்டுத் தலங்கள் 2020 நவம்பர் 16 வரை மூடிக்கிடந்தன. 2021 ஏப்ரலில் மீண்டும் மூடப்பட்டு அக்டோபர் 7இல்தான் திறந்தன. கூட்டத்தில் மூச்சு முட்டியவரையும் தனிமையில் பேச்சு மறந்தவரையும் தாக்கியது ஒரே நோய்தான்.

அந்த நோய் பெரும்பாலும் மனநோய் என்ற பெயரில் டாக்டரிடம் வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை கால் நடுங்குகிறது, தூக்கமே இல்லை என்றுதான் வருகிறது. பதற்றம் என்பது உடம்பின் அபாய மணி. ஆபத்து வந்தால் அடித்து, போனதும் நிற்க வேண்டியது, நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் அது நோய். கொரோனா நாட்களில் படபடப்பும் மூச்சுத் திணறலும் கிருமியின் அடையாளமாகவும் இருந்ததால், பயம் மூச்சை இறுக்க, இறுகிய மூச்சு பயத்தைக் கூட்டியது. மனச்சோர்வு சத்தமில்லாதது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமை, பசியின்மை, அசதி, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை அதன் அடையாளங்கள். வீட்டில் இருப்பவர்கள் அதைச் சோம்பல் என்றோ வீம்பு என்றோ எடுத்துக்கொள்வதே வழக்கம்.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. பெண்களும் இளைஞர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். காரணம் தேட வேண்டியதில்லை. வேலையிழந்த கணவன், பூட்டிய கதவு, ஓயாத சமையல். சில வீடுகளில் அடியும் உதையும். ஊரடங்கின்போது குடும்ப வன்முறைப் புகார்கள் பெருகியதைக் கண்டு 2020 ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம் வாட்ஸ்அப் எண் ஒன்றையே தொடங்கியது. ஆனால் கணவன் எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் புகார் சொல்வாள்? பிள்ளைகளுக்கு ஒரே போனில் மூவரின் வகுப்பு. 2020 மார்ச்சில் மூடிய மும்பைப் பள்ளிகள் எட்டாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகளுக்கு 2021 அக்டோபர் 4ஆம் தேதிதான் திறந்தன. சிறுவர்களுக்கு டிசம்பர் 15ஆம் தேதி.

நாட்டில் 2019இல் 1,39,123 ஆக இருந்த தற்கொலைகள் 2020இல் 1,53,052 ஆகவும் 2021இல் 1,64,033 ஆகவும் உயர்ந்தன என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். 2020இல் இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினக்கூலி. எல்லாவற்றையும் கொரோனாவின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் கூலி நின்றால் அடுத்த வேளை என்ன என்று தெரியாதவர்களின் மனநலத்தை அரிசியிலிருந்தும் வாடகையிலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை இந்த எண்ணிக்கை உணர்த்துகிறது.

சிகிச்சை இல்லாமல் இல்லை. பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரைகளும் பெரும்பாலானவர்களுக்குப் பலன் தருகின்றன. தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையிலும், கேஇஎம், நாயர் மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. இருந்தும், பெங்களூர் நிமான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பான்மையோர் சிகிச்சைக்கு வருவதே இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். 'பைத்தியம்' என்ற பெயருக்கும் அஞ்ச வேண்டும்.

மும்பைத் தமிழருக்கு மொழியும் ஒரு தடை. கடைத்தெரு இந்தியில் காய்கறிக்குப் பேரம் பேசிவிடலாம்; மனசு கனக்கிறது, எதுவும் பிடிக்கவில்லை என்பதை அந்த இந்தியில் சொல்ல வராது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம். சேவை தரும் 20 மொழிகளில் தமிழும் ஒன்று. ஊரடங்கின் நடுவே இருந்திருக்க வேண்டிய எண் இரண்டரை ஆண்டு தாமதமாக வந்தது என்றாலும், அது தேவைப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலை போய்ப் பட்ட கடன் தீராதவர், பெற்றவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலே தகனம் முடிந்துபோனவர், இரண்டு ஆண்டுப் படிப்பை இழந்த பிள்ளை ஆகியோருக்கு ஊரடங்கு முடிந்த தேதி வேறு.

காட்கோபர் நிலையத்தில் இப்போது பழையபடி கூட்டம் முட்டி மோதுகிறது. தோளோடு தோள் உரசி நிற்கிறவர்களில் யார் இன்னும் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் சரியாவே சாப்பிடல?" என்று கேட்டால் தெரியலாம்.