நோயும் கூலியும்

ஹைதராபாத் சனத்நகரில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நம்மவர் பலர் அறிவர். முதலாளியும் தொழிலாளியும் சந்தா செலுத்தும் இக்காப்பீடு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. இதில் சேர்ந்த தொழிலாளி நோயுற்றால், மருத்துவர் சான்றின்பேரில், ஊதியத்தில் நூற்றுக்கு 70 பங்கு ஆண்டில் 91 நாள் வரை கிட்டும். முதலிரு மகப்பேற்றுக்கு 26 வார முழு ஊதியம் உண்டு. ஆனால், நோயுற்ற தாயையோ குழந்தையையோ அருகிருந்து பேணும் நாட்களுக்கு இதில் ஊதியம் இல்லை. சொந்த ஊரெனில் அத்தையோ சித்தியோ துணைக்கு வருவர். அயல் மாநிலத்தில் நமக்கு யார் உளர்? வேலைக்குச் சென்றால் நோயாளி தனித்துக் கிடப்பார். செல்லாவிடில் அன்றைய கூலி போகும். பிணியாளரைப் பேணும் நாளுக்கும் இக்காப்பீடே ஊதியம் அளிக்க வழி செய்தல் நியாயமென்றே நாம் கருதுகிறோம்.